நாலாவது சக்கரத்தின் மூன்றாம் புள்ளி

ஊமை மாஸ்டர் ஊமை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுவது நல்லது. காது கேட்கும், வாய் பேசும், கோபம் வந்தால் லேத் மெஷினை அதன் ஏழு தலைமுறையோடு சேர்த்துத் திட்டவும் திட்டுவார். மனுஷர்களிடம்தான் வாய் வராது. "ம்", "ஆகும்", "ஆகாது", "சாயங்காலம் வாங்க". இந்த நாலை வைத்துக்கொண்டே ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் காலத்தை ஓட்டிவிட்டார். 'ஊமை' என்பது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வைத்த பெயர். வைத்தவருடைய வாய்க்குப் பூட்டே கிடையாது என்பதால் தெரு முழுக்கப் பரவிவிட்டது.

தொழில் என்னவென்றால், விலை உயர்ந்த கார்களின் சக்கரத்தைச் சரிசெய்வது. டயரை இல்லை, டயர் மாட்டுகிற அலுமினியச் சக்கரத்தை. பள்ளத்தில் இறங்கி நெளிந்தது, நடைபாதைக் கல்லில் உரசி முகம் பெயர்ந்தது எல்லாம் அவர் ஷெட்டுக்கு வரும். காரை விற்ற ஷோரூமில் கேட்டால், "இதெல்லாம் சரிப்படாது சார், புதுசு மாத்திடுங்க" என்று ஒரே பல்லவிதான். ஒரு சக்கரத்துக்குச் சொல்லுகிற விலையைக் கேட்டாலே நெஞ்சை அடைக்கும். அப்புறம் யாராவது காதில் போடுவார்கள், "டயர் கடைச் சந்துல ஒரு ஆள் இருக்கார், பேச மாட்டார், ஆனா வேலை சுத்தம்" என்று.

சுத்தம் என்றால் அப்படிச் சுத்தம். நெளிந்த சக்கரத்தைச் சுழலவிட்டு, அது எங்கே ஆடுகிறது என்று பார்த்து, சூடேற்றி, அழுத்தி நேராக்குவார். விரிசல் விட்டிருந்தால், ஒட்டக்கூடிய இடமென்றால் ஒட்டுவார். ஆரக்காலில் விரிசல் என்றால் "ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். கெஞ்சினாலும் சரி, அதட்டினாலும் சரி, ஆகாது என்றால் ஆகாதுதான். இன்னொரு வகைச் சக்கரம் உண்டு. பெயிண்ட் அடிக்காமல், முகத்தை லேத்தில் மயிரிழை கனத்துக்குச் சீவி, மேலே வார்னிஷ் மாதிரியான லாக்கர் பூசிக் கண்ணாடி மாதிரி மினுக்கவைத்திருப்பார்கள். அதில் கீறல் விழுந்தால் மறுபடியும் லேத்தில் ஏற்றி இன்னொரு மயிரிழை சீவ வேண்டும். அந்த வேலைக்கு அந்தப் பக்கத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

ஷெட்டுக்கு மேலேயே ஓர் அறை. படி ஏறினால் வீடு, இறங்கினால் வேலை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். மனைவி இருந்தாள், ரொம்ப நாள் முன்னால். அந்தக் கதை பிறகு வரும். சாயங்காலம் லேத்தை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு அமைதி வந்து உட்காரும் பாருங்கள், அதைத்தான் அவரால் தாங்க முடிவதில்லை. லாக்கர் காயவைக்கிற அடுப்பின் மின்விசிறியை வேலை முடிந்த பிறகும் சும்மா ஓடவிட்டுவிட்டு மேலே போவார். கீழே ஏதோ ஒன்று இரைந்துகொண்டிருந்தால்தான் தூக்கம் வரும்.

கார்க்காரர்கள் யாரும் நேரில் வருவதில்லை. டிரைவர் வருவார், சக்கரத்தைப் போடுவார், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவார். இப்படி இருக்கையில்தான் பல் டாக்டரம்மா வந்தார்.

வெள்ளை நிறத்தில் பெரிய கார். ஓட்டிவந்தவர் தலை நரைத்த அம்மா. சந்துக்குள் நுழைக்கவே திணறி, பஞ்சர் கடைக்காரர் குறுக்கே நின்று "வாங்க, வாங்க, வாங்க... நில்லுங்க!" என்று கத்திக் கத்தி உள்ளே விட்டார். கணவருடைய கார். அவர் போன பிறகு நின்றே கிடந்து பாழாகிறது என்று இந்த அம்மாவே எடுத்து ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். நாலும் அந்தக் கண்ணாடி மினுக்குச் சக்கரம்தான், ஓட்டிய லட்சணம் முன்சக்கரத்தில் தெரிந்தது. பள்ளத்தில் விட்டு நெளிவு, ஓரக்கல்லில் இழுத்து முகம் முழுக்கக் கீறல்.

"ஆகுமா?" என்றார்.

"ஆகும். சாயங்காலம் வாங்க."

"சாயங்காலம் வரைக்கும் நான் எங்க போறது? வீட்டுலயும் சுவத்தைத்தான் பாக்கணும். இங்கயே உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டார். கிரீஸ் பிடித்த ஒரே ஸ்டூல். அதைத் துடைக்கக்கூட மாஸ்டருக்குத் தோன்றவில்லை. கல் மாதிரி நின்றார். டாக்டரம்மா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. சக்கரத்தில் பெயர்ந்த இடத்தைச் சுரண்டி, அடைத்து, தேய்ப்பதைப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார்.

"அட, இது சொத்தைப் பல் அடைக்கிற மாதிரியே இருக்கே! சுரண்டு, அடை, தேய், மெருகு போடு. நானும் இதைத்தான் நாப்பது வருஷம் பண்ணேன். அப்ப நீங்களும் டாக்டர்தான்!"

அதற்கும் "ம்" தான். டாக்டரம்மா சிரித்தார். "என் பிழைப்பைப் பாருங்க. வாழ்க்கை முழுக்க எல்லாரும் என் முன்னாடி வாயைத் திறந்துகிட்டுதான் உக்காந்தாங்க, ஒருத்தரும் பேசினதில்லை. இப்ப வாயை மூடிக்கிட்டுப் பேசாத ஆள் கிட்ட வந்து மாட்டியிருக்கேன்."

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல வருஷத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு, எப்படி அடக்குவது என்று தெரியாமல் லேத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சீவி முடித்ததும் சக்கரத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் உளிமுனையை வைத்து டக்கென்று ஒரு புள்ளி குத்தினார்.

"இது என்ன?"

அன்றைக்கு என்ன வந்ததோ, மாஸ்டர் பேசினார். "முகம் ஒரு தடவை சீவினா ஒரு புள்ளி. சீவச் சீவ மெலிஞ்சிடும். மூணு புள்ளிக்கு மேல யாரும் சீவக் கூடாது. வேகமா போறப்ப உடைஞ்சா ஆள் போயிடுவாங்க."

"சட்டமா?"

"இல்லை. அடுத்தாப்ல கையில எடுக்கிறவனுக்குத் தெரியணும்ல."

"சரிதான்" என்று டாக்டரம்மா அந்தப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தார். கார் போன பிறகு பஞ்சர் கடைக்காரர் ஓடிவந்து, "யோவ், நீ பேசினியா? என் காதால கேட்டேன்யா!" என்று மூக்கில் விரலை வைத்தார். அன்று ராத்திரி மாஸ்டருக்குத் தூங்க மின்விசிறி இரைச்சலும் போதவில்லை.

அடுத்த மாதமே டாக்டரம்மா மறுபடியும் வந்தார். அதே சக்கரம், மறுபடியும் கீறல். "என்ன பண்றது, எனக்குக் கண்ணு அளவு தப்புது." அதற்கடுத்த மாதமும். மூன்றாம் புள்ளி விழுந்ததும் அந்தச் சக்கரம் தப்பித்தது. அதற்குப் பின்னால் இருக்கும் சக்கரத்தில் கீறல் விழ ஆரம்பித்தது.

மாஸ்டர் என்ன முட்டாளா? ஓடுகிற வண்டி கல்லில் உரசினால் கீறல் நீளமாக, வளைந்து இழுத்துக்கொண்டு போயிருக்கும். இந்தக் கீறல் ஒரே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, நகத்துக்கு அரம் போட்ட மாதிரி நிதானமாக இருந்தது. ஓரத்துப் பக்கம் இரண்டு சக்கரமும் முடிந்து, ரோட்டின் நடுவைப் பார்க்கிற பக்கத்துச் சக்கரத்தில் கீறல் வந்தபோது பஞ்சர் கடைக்காரரே தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பக்கம் எப்படிய்யா உரசும்? எதிர்த்திசையில போய் ஓரம்கட்டினாதான் உரசும். இந்தம்மா என்ன சர்க்கஸ்ல கார் ஓட்டுதா?"

"ம்" என்றார் மாஸ்டர்.

"எல்லாத்துக்கும் ம்! கல்லுளிமங்கன்."

தெரியாமல் இல்லை. இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்ததை வெளியே எடுத்து வைக்கத்தான் இரண்டு பேருக்கும் தைரியம் கிடையாது. வயதான ஒரு அம்மா வயதான ஒரு ஆளைப் பார்க்கச் சந்துக்குள் சும்மா வந்துபோனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். சக்கரம் கீறினால் யாரும் எதுவும் பேச முடியாது பாருங்கள். அதற்காகத்தான் அந்தப் பாவப்பட்ட அலுமினியம் அடி வாங்கிக்கொண்டிருந்தது.

மாஸ்டர் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார், மெத்தை வைத்தது. இன்னொரு டம்ளர் வாங்கினார். எந்த நாள் வருவார் என்று தெரியாததால் தினமும் முகச்சவரம். "என்ன மாஸ்டர், தினமும் மாப்பிள்ளைக் கோலம்?" என்று பஞ்சர் கடைக்காரர் வம்புக்கு இழுத்தால், "தூசி அலர்ஜி" என்பார். முகத்தை மழித்தால் தூசி அலர்ஜி எப்படிப் போகும் என்று கேட்கக் கூடாது.

வருகிற நாளில் டாக்டரம்மா அவரை "டாக்டர்" என்றே கூப்பிட்டுப் பேசுவார், மாஸ்டர் கேட்பார். ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்த போலீஸ்காரர் கதை. கழற்றி வைத்த பல்செட்டை நாய் தூக்கிக்கொண்டு போன கதை. வெளிநாட்டில் இருக்கும் மகன் "இங்க வந்துடும்மா, தனியா என்ன பண்றே" என்று வாராவாரம் நச்சரிக்கிற கதை. "நான் போய் அங்க என்ன பண்ண? ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காரணும். அடுத்த மாசம் பாக்கலாம்டான்னு சொல்லி வச்சிருக்கேன்." இதைச் சொல்லும்போது மாஸ்டரின் முகத்தை ஒரு தடவை பார்ப்பார். மாஸ்டர் டயரில் காற்று பார்ப்பார்.

நல்லது எதுவும் நிற்காது, தேய்ந்துகொண்டே போகும். நாலாவது சக்கரமும் இரண்டு புள்ளி வாங்கி, மூன்றாவது தடவையாக வந்து சேர்ந்தது.

அன்று மாஸ்டர் வேலையை இழுத்தார். காலையில் முடிய வேண்டிய தேய்ப்பு மத்தியானம் வரைக்கும் போனது. டாக்டரம்மாவும் அன்று அதிகம் பேசவில்லை. சீவி முடித்துச் சக்கரத்தைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு மாஸ்டர் உளியைக் கையில் வைத்தபடி நின்றார். குத்தாமல் விட்டால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? குத்தாவிட்டால் இன்னொரு மாதம், இன்னொரு நாள். ஆசை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து போகப்போவது இந்த அம்மாதான் என்று நினைத்ததும் கை தானாக இறங்கியது. டக்.

"முடிஞ்சுதா?" என்றார் டாக்டரம்மா.

"ம்."

"நாலும் முடிஞ்சுது." அப்புறம் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே கேட்டார். "டாக்டர், நிஜமா சொல்லுங்க. இனிமே கீறல் விழுந்தா? வேற வழியே இல்லையா?"

வழி இருந்தது. கண்ணாடி மினுக்கு வேண்டாமென்றால் மேலே பெயிண்ட் அடிக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், வருஷம் முழுக்க அடிக்கலாம். ஆனால் அந்த மாதிரிச் சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிப்பது மாஸ்டருக்குப் பாவம். தன் கையால் அடித்ததில்லை, யாருக்கும் சொன்னதும் இல்லை. தொழில்காரனைக் கேட்டால் தொழில்காரன் பதில்தானே வரும்?

"வழி இல்லை. புதுசு வாங்கிக்கிறதுதான் நல்லது" என்றார்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "சரி. ரொம்ப நன்றி டாக்டர்" என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். பின்னால் எடுக்கும்போது எங்கேயும் இடிக்கவில்லை. யாரும் "வாங்க, வாங்க" என்று கத்தவும் வேண்டியிருக்கவில்லை.

பஞ்சர் கடைக்காரர் டயரை உருட்டிக்கொண்டு வந்து, என்ன நடந்தது என்று நோண்டி நோண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டதும் டயரைக் கீழே போட்டார்.

"பெயிண்ட் அடிக்கலாமேய்யா!"

"அந்த வீலுக்குப் பெயிண்ட் அடிச்சா அசிங்கமா இருக்கும்."

"அடப்பாவி மனுஷா! அந்தம்மா வீலைப் பத்தியாய்யா கேட்டுச்சு?"

மாஸ்டர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மெத்தை நாற்காலி காலியாகக் கிடந்தது, அதில் உட்காரவில்லை.

இப்போது மனைவி கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த ஆள் யாரென்று புரியாது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஏதோ சின்ன மனஸ்தாபம், மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கூட்டிக்கொண்டு வரத்தான் மாஸ்டர் போனார். மாமியார் காபி கொடுத்தார், மாமனார் மழையைப் பற்றிப் பேசினார், இவர் "ம்" போட்டார். மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். காபி முடிந்தது. "அப்ப நான் வரேன்" என்று எழுந்து வந்துவிட்டார். "வா" என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு எழுத்து, வாயில் வரவில்லை. வெகுகாலம் கழித்து மச்சினனைக் கடைத்தெருவில் பார்த்தபோது அவன் சொன்னான்: "அக்கா அன்னிக்குத் தலை சீவி, நல்ல புடவை மாத்திக்கிட்டு நின்னா மாமா. நீங்க கூப்பிடவே இல்லை." அதற்குள் அவளுக்கு வேறு இடத்தில் வாழ்க்கை அமைந்துவிட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர் பசித்தாலும் அழ மாட்டார்.

டாக்டரம்மா வரவில்லை. ஒரு மாதம் போயிற்று. சந்துக்குள் எந்த வெள்ளைக் கார் நுழைந்தாலும் மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். முகச்சவரத்தை மட்டும் விடவில்லை. பஞ்சர் கடைக்காரர்தான் பொறுக்கமாட்டாமல் ஒரு நாள் ஸ்பானரைக் கையில் திணித்தார்.

"சக்கரம் மாட்டிக் கொஞ்ச நாள் ஓட்டினப்புறம் போல்ட்டை மறுபடி இறுக்கணும்ல? அந்தம்மா வீட்டுக்குப் போய் அதைச் சொல்லு. சொல்லிட்டு, சும்மா வந்துபோங்கன்னும் சொல்லு. செத்தா போயிடுவே?"

தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில் பச்சை கேட் போட்ட வீடு என்று டாக்டரம்மா எப்போதோ சொன்னது நினைவிருந்தது. பஸ்ஸில் போகும்போது மாஸ்டர் வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே போனார். சும்மா வாங்க. சும்மா வந்துட்டுப் போங்க. பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

கேட் திறந்தே கிடந்தது. கார் நிற்கிற இடத்தில் கார் இல்லை, எண்ணெய்க் கறைதான் இருந்தது. பாதையின் ஓரத்தில் பதித்திருந்த செங்கல் ஒன்றில் வெள்ளிக்கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, ஒரே இடத்தில். மாஸ்டர் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். எதிர்ப்பக்கச் செங்கல்லிலும் அதேபோல இருந்தது. கேட்டுக்குள் காரை முன்னும் பின்னுமாகத் திருப்பி, இந்த வயதில், கழுத்தை வளைத்துப் பார்த்துப் பார்த்து உரசியிருக்கிறார். மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாரு? அட, டாக்டரா! என்ன, வீட்டுக்கே விசிட்டா?"

டாக்டரம்மா வாசலில் நின்றார். தலையில் துணி, கையெல்லாம் தூசி. அவருக்குப் பின்னால் கூடம் காலியாகத் தெரிந்தது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாக இருந்தன. தரை முழுக்க அட்டைப்பெட்டிகள்.

"போல்ட்டு..." என்றார் மாஸ்டர். "கொஞ்ச நாள் ஓடினப்புறம் போல்ட்டு இறுக்கணும்."

"எந்தப் போல்ட்டு? காரைப் போன வாரமே வித்தாச்சே. உள்ள வாங்க."

உள்ளே உட்கார இடமில்லை. டாக்டரம்மாவே சொன்னார். "அன்னிக்கு உங்க கடையிலேருந்து வந்தேனா, வந்ததும் மகனுக்குப் போன் போட்டு 'சரி, வரேன்டா'ன்னு சொல்லிட்டேன். அவனுக்கு ஒரே சந்தோஷம். வீட்டையும் எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறான்."

கார் இல்லை, சக்கரம் இல்லை, போல்ட்டு இல்லை. பேசுவதற்கு இருந்த சாக்கெல்லாம் போய்விட்டது. மாஸ்டர் ஸ்பானரைக் கீழே வைத்தார். பஸ்ஸில் உருப்போட்டதெல்லாம் மறந்துபோய், வாயில் வந்தது வேறாக இருந்தது.

"போகாதீங்க" என்றார்.

டாக்டரம்மா பெட்டி ஒன்றின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"எனக்கு... நீங்க வராத நாள்ல எனக்கு ஒண்ணும் ஓடலை" என்றார் மாஸ்டர். "வீல் இல்லாட்டி என்ன. சும்மா வாங்க. சும்மா வந்து உக்காந்துட்டுப் போங்க. போகாதீங்க டாக்டரம்மா."

வாழ்நாளில் ஒரு மனுஷியிடம் அவர் இவ்வளவு பேசியது அதுதான். பேசிவிட்டு மூச்சு வாங்க நின்றார். டாக்டரம்மா தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது தூசியை இல்லை.

"இதை அன்னிக்குச் சொல்லியிருந்தீங்கன்னா இருந்திருப்பேன்" என்றார். "வேற எதுவும் வேண்டாம், இந்த ஒரு வார்த்தைக்குத்தானே அப்படிக் கேட்டேன். இப்ப எனக்கு இருக்க வீடு இல்லையே டாக்டர்."

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"குழந்தைங்க கிட்டப் பாட்டி வர்றாங்கன்னு சொல்லி, எனக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சு வச்சிருக்கான். எப்படி மாத்திப் பேசுறது, சொல்லுங்க."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் டாக்டரம்மா எழுந்து, மூலையில் கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து வந்து நீட்டினார்.

"எனக்குக் கையில பலமில்லை. நான் கட்டினா வழியிலயே அவிழ்ந்துடும். கொஞ்சம் கட்டித் தர்றீங்களா?"

மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் பெட்டியை இழுத்தார். அவருக்கு அரைகுறையாக ஒரு வேலையும் செய்யத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியையும் நாலு பக்கமும் சுற்றி, முழங்காலை ஊன்றி இழுத்து, முடிச்சுப் போட்டு, தூக்கி ஆட்டிப் பார்த்து வைத்தார். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து கயிறு எடுத்துக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் எல்லாம் கட்டியாகிவிட்டது, ஒன்றுகூட அவிழவில்லை.